சொல்லடைவின் தலையெழுத்து

நாவல் எழுதுகிறவனுக்குப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கம் என்றால் 'முற்றும்' என்ற சொல் இருக்கிற பக்கம்தான். அதற்கு அப்பால் பிரசுரகர்த்தரின் விலைப்பட்டியல் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. 'முற்றும்' போட்ட பிறகும் ஒரு புஸ்தகம் இருபது பக்கம் ஓடலாம், அதைத்தான் பலர் முதலில் திறந்து பார்ப்பார்கள் என்ற சங்கதியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பவானியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருக்கு ஊரில் தமிழய்யா என்றுதான் பெயர். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

1998-ஆம் வருஷம். காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மேலே படிக்க வகையில்லாமல் நான் ஊர் திரும்பியிருந்த சமயம். தமிழய்யா பவானி ஆற்றங்கரை ஊர்களைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதி முடித்திருந்தார். கல்வெட்டு, செப்பேடு, நிக்கல்ஸன் துரை 1887-இல் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா மானுவல், கிழவர்கள் சொன்ன கதை எல்லாம் அதில் உண்டு. "சும்மாத்தானே இருக்கறே, வா கண்ணு, சீட்டு எழுது" என்று கூப்பிட்டார். ஜமக்காளக் கடைகளில் மீந்துபோன பழைய பில் புஸ்தகங்களைத் துண்டு துண்டாகக் கத்தரித்து வைத்திருந்தார். ஒரு சீட்டுக்கு ஓர் ஊர் அல்லது ஓர் ஆள். பக்கத்தில் அது வருகிற பக்க எண். செருப்புப் பெட்டிகள் ஏழெட்டு நிறைந்தன. சொல்லடைவு தயாரிப்பது என்றால் இவ்வளவுதானா என்று எனக்கு முதல் நாள் இளக்காரமாகவே இருந்தது. மூன்றாம் நாள்தான் எந்தப் பெட்டியில் எந்தச் சீட்டைப் போடுவது என்ற வழக்கு ஆரம்பமாயிற்று. அந்த வழக்கு நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது என்று தமிழய்யா சொன்னார். அவர் சொன்னதையும், பிற்பாடு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

நம்முடைய முன்னோர்கள் புஸ்தகத்தைத் தேடிப் பார்க்கிறவர்கள் அல்ல, மனப்பாடம் செய்கிறவர்கள். ஓலைச் சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். ஏட்டின் ஓரத்தில் எண் இருக்கும், உண்மைதான். ஆனால் அது கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் திரும்பவும் அடுக்குவதற்கு. ஒரு சொல் எந்த ஏட்டில் இருக்கிறது என்று சொல்லுவதற்கு அல்ல. சொல் வேண்டியவன் நெஞ்சுக்குள்ளேதான் தேட வேண்டும். ஆகையால் நிகண்டு செய்தவர்களும் காதுக்கு வசதியாகவே சொற்களை அடுக்கினார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பகுதி அது. அங்கே சொற்கள் முதல் எழுத்தால் வரிசைப்படவில்லை. எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால் கூடி நிற்கின்றன. ககர எதுகை, ஙகர எதுகை என்று தலைப்புகளும் அப்படியே. இன்றைய வாசகனுக்கு இது விசித்திரமாகப் படும். பாட்டாகவே பாடம் செய்தவனுக்கோ அதுவே நேர்வழி.

முதலெழுத்தைக் கொண்டு சொற்களை அடுக்கும் யோசனையை 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம்முடைய அகராதி நிகண்டில் செய்து காட்டினார். பிறகு வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்தார். முதலெழுத்தோடு நில்லாமல் சொல்லின் பிற எழுத்துக்களையும் வரிசையில் கொண்டுவந்தது அது. ஆனாலும் அது முழுசாக அச்சேறியது 1824-இல்தான். மேல்நாட்டில் இந்த வேலை முன்னதாகவே நடந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் டொமினிக்கன் துறவிகள், ஹியூ என்பவர் தலைமையில், விவிலியத்தின் சொற்களுக்கெல்லாம் ஓர் அடைவு தயாரித்தார்கள். அச்சு வந்த பிறகு, 1470-இல் கொலோன் நகரத்தில் ஒரு பிரசங்கப் புஸ்தகத்தில் தாளுக்கு எண் போட்டார்கள். எண் இருந்தால் அல்லவா அடைவு? எல்லாப் பிரதியிலும் ஒரே சொல் ஒரே பக்கத்தில் வருவது அச்சு யந்திரத்தின் சாதனை. இரண்டு பேர் எழுதிய இரண்டு சுவடியில் அது எப்படி நடக்கும்?

தமிழில் இந்தக் கலையின் அருமையை நன்றாக உணர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி படிக்கத் தூண்டிய கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. சேலத்துக்காரர் என்பதால் எங்கள் தமிழய்யாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை உண்டு. ஐயருக்கு நேர்ந்த தொல்லை என்ன என்றால், உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டிக்கொண்டே போவார். அது எந்த நூல் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார். அவர் காலத்துப் படிப்பாளிக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஐயர் காலத்தில் அந்த நூல்களின் பெயரே பலருக்கு மறந்துபோயிருந்தது. கிடைத்த சுவடிகளையெல்லாம் படித்து, சொற்களுக்கு அகராதி எழுதி வைத்துக்கொண்டு, இந்த அடி அந்த நூலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது, பத்துப்பாட்டு 1889-இல், புறநானூறு 1894-இல். அவர் பதிப்புகளைத் திறந்தால் பின்னால் பாட்டு முதற்குறிப்பகராதி, அரும்பத அகராதி என்று வரிசையாக இருக்கும். தமக்கு வழிகாட்ட யாரும் இல்லாமல் அலைந்தவர் பின்னால் வருகிறவன் அலையக் கூடாது என்று வெட்டி வைத்த படிக்கட்டு அது. அந்தப் பக்கங்களைத் தமிழய்யா மடியில் வைத்துத் தடவுவார்.

சரி, பெட்டி வழக்குக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அடைவு என்றால் இருபத்தாறு தலைப்பு, வேலை முடிந்தது. தமிழில் எத்தனை தலைப்பு? 'க' என்று ஒரு தலைப்புப் போட்டு, கம்பிலியம்பட்டி முதல் கோபிசெட்டிபாளையம் வரையில் அதன் கீழ் அடைத்தால், அந்த ஒரு தலைப்பே மூன்று பக்கம் ஓடும். தேடுகிறவன் நடுக்காட்டில் நிற்பான். க, கா, கி, கீ என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டால்? தொல்காப்பியர் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துக்களைக் கணக்கிட்டிருக்கிறார். உயிர் பன்னிரண்டு, க, த, ந, ப, ம ஐந்தும் பன்னிரண்டு உயிரோடும் வந்து அறுபது, சகரம் ஒன்பது, வகரம் எட்டு, ஞகரம் மூன்று, யகரம் ஒன்று. கூட்டினால் 93. குற்றியலுகரத்தையும் சேர்த்து 94 என்பாரும் உண்டு. தமிழய்யா தொண்ணூற்று மூன்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். அத்தனைக்கும் ஊர்ப்பெயர் கிடைக்கவில்லை என்பதால் ஐம்பத்து சொச்சத்தில் நின்றது.

எழுத்து வரிசையிலும் தகராறு உண்டு. 'அக்கா' முந்தியா, 'அகம்' முந்தியா? பழைய அகராதிகள் இதில் ஒன்றுபோல் இல்லை. 1,17,762 சொற்களை அடக்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் புள்ளி எழுத்தை முதலில் வைத்தது. தமிழய்யாவுக்கு அதுவே வேதம். ஆட்களின் பெயர் இன்னொரு தலைவலி. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது; திருப்பிப் போட்டால் போதும். நமக்கு இனிஷியல்தான். உ. வே. சாமிநாதையரை 'உ'வில் தேடுவதா, 'சா'வில் தேடுவதா? 1804-இல் பவானி அம்மனுக்குத் தந்தக் கட்டில் செய்து கொடுத்த கலெக்டர் வில்லியம் காரோவை 'வி'யில் வைப்பதா, 'கா'விலா? கோயில்களுக்கு முன்னால் இருக்கும் 'அருள்மிகு'வை வெட்டாவிட்டால் ஜில்லாவிலுள்ள சாமிகள் அத்தனை பேரும் 'அ'வில் வந்து குவிந்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கே தேவாரத்தில் திருநணா என்று பெயர். ஆகவே 'திருநணா - பவானி காண்க' என்று ஒரு சீட்டு. இந்தக் 'காண்க' என்ற சொல்லின் மேல் தமிழய்யாவுக்கு அலாதிப் பிரியம். "வழி தப்பி வந்தவங்களைக் கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போற வார்த்தை கண்ணு அது" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். தொல்காப்பியர் அனுமதிக்காத எழுத்துக்குத் தலைப்புக் கிடையாது. ரங்கம்பாளையம் 'அரங்கம்பாளையம்' என்று அகரத்துக்குப் போயிற்று. லெக்ஸிகனே டகரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறதே என்று நான் கேட்டேன். "அது எல்லார்த்துக்கும் சத்திரம். இது என்ற ஊடு" என்றார்.

இன்னும் ஒன்று கேட்டார். ஒவ்வொரு தலைப்பு எழுத்தும் முடிகிற இடத்தில் மூன்று வரி வெற்றிடம் வேண்டும். விட்டுப்போன ஊரை வாசகர் தம் கையால் எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

இடம் விடுவது லேசான காரியம் அல்ல. எந்தக் காலத்திலும் அது காசு. தரங்கம்பாடியில் 1713-இல் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும். புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிக்க வேறு வழியில்லாமல் அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தையும் அதற்காக உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715-இல் அந்தப் புஸ்தகம் முடிந்தது. பிறகு சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்தை இன்னும் சிறிதாக்கினார். அப்படிச் சிறிதாக்கியதால்தான் 67,452 சொற்கள் கொண்ட வின்ஸ்லோ அகராதி 1862-இல் ஒரே புஸ்தகமாகக் கட்டுப்பட்டது. ஈய எழுத்துக் காலத்தில் வெற்றிடம் என்பது வெறும் ஒன்றுமில்லாதது அல்ல. கம்பாஸிட்டர் தலைப்புக்கு மேலும் கீழும் ஈயத் தகடு செருக வேண்டும். வரி முடிகிற இடத்தில் வெற்றுக் கட்டை அடைக்க வேண்டும். காகிதத்தில் மை படாத இடத்துக்கும் கையில் கனம் உண்டு.

எங்கள் புஸ்தகம் ஈய எழுத்தில் அச்சாகவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அச்சாபீஸ்காரர் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எதுக்குங்க அய்யா? பேரை மட்டும் அடிச்சுக் குடுத்துட்டாப் போதும், மிஷினே வரிசை போட்டுரும்" என்றார். போட்டது. புரூப் வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

அந்நாளைய தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் டைப்ரைட்டர் முறைதான். 'கொ' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. முதலில் எது அடிக்கப்பட்டதோ அதுதான் அதற்கு முதலெழுத்து. ஆகவே கொடுமுடி, சென்னிமலை, பெருந்துறை, தொட்டம்பாளையம் எல்லாம் ஒரே கொத்தாக ஓரிடத்தில் கூடியிருந்தன. கோபியும் சேலமும் இன்னோரிடத்தில். அவற்றுக்கு மேலே தலைப்பாக, தடித்த எழுத்தில், ஒற்றைக் கொம்பு மாத்திரம் அந்தரத்தில் நின்றது. தமிழய்யா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொம்பு நிக்குது, மாட்டைக் காணமே கண்ணு" என்றார்.

பழையபடி பெட்டிகளை வைத்துக்கொண்டு இருவரும் கையால் வரிசையைச் சரிசெய்து கொடுத்தோம். வரிசை திருந்தியது. வெற்றிடம் திருந்தவில்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். மூன்று வரி இடைவெளியோடு அடைவு பத்தொன்பது பக்கம் வந்தது. இடைவெளியை எடுத்துவிட்டால் பதினாறுக்குள் கச்சிதமாக அடங்கிற்று. எங்களைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். தலைப்பு எழுத்துக்கள் மேல் வரியோடு ஒட்டிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவர்கள்போல நின்றன. ஐந்நூறு பிரதி அச்சாகிக் கட்டுக் கட்டி வந்த பிறகு யாரிடம் சண்டை போடுவது?

அடுத்து வந்த ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் சனம் தாங்கவில்லை. கோயில் வீதியில் ஒரு ஜமக்காளத்தை விரித்து நானும் தமிழய்யாவும் புஸ்தகம் விற்றோம். மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். வயசான ஓர் அம்மாள் பேரனோடு வந்து நின்றாள். சத்தியமங்கலத்துப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஏங் கண்ணு, ஆத்தோரத்து ஊரெல்லாம் இதுல இருக்குதுன்னாங்க. எங்கூரு இருக்குதா பாரு."

"எந்த ஊருங்க ஆத்தா?"

"டணாயக்கன் கோட்டை. அணைக்குள்ளார போயிருச்சு."

கீழ்பவானி அணை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. டணாயக்கன் கோட்டை அந்த நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. தண்ணீர் வெகுவாக இறங்குகிற வருஷங்களில் மாதவராயப் பெருமாள் கோயிலின் கல் மண்டபம் வெளியே தெரியும், ஊர் தெரியாது. அந்த அம்மாள் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு அங்கே இருந்ததாம்.

பேரன் படித்த பையன். நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனான். விரலை வைத்து ஞாவுக்கு அப்புறம் பார்த்தான். ஞாவுக்கு அடுத்த வரியே 'த' என்று இருந்தது. திரும்ப ஒரு முறை பார்த்தான். என்னிடம் கொடுத்தான், நானும் பார்த்தேன். நானே எழுதிய சீட்டு, நானே போட்ட பெட்டி. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெயில், கூட்டம், சில்லறைக் கணக்கு என்று எதைச் சொன்னாலும் சாக்குத்தான்.

"இல்லீங்க ஆத்தா" என்றேன்.

"போவுது உடு. தண்ணிக்குள்ள போனது பொஸ்தகத்துல எங்கிருந்து வரும்" என்று சொல்லிவிட்டு அவள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

தமிழய்யா திரும்பி வந்ததும் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று. புஸ்தகத்தைப் பிரித்து 'த'வில் காட்டினார். 'தண்டநாயக்கன் கோட்டை' என்று இருந்தது. அதற்கு எதிரே பதினோரு பக்க எண்கள். போசளர் காலத்துத் தண்டநாயகர்களின் பெயரால் ஏற்பட்ட ஊர். கல்வெட்டை ஒட்டியும் இலக்கணத்தை ஒட்டியும் அவர் வைத்த பெயர் அது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. புஸ்தகத்திலேயே அதிக இடம் பெற்ற ஊர்களில் அதுவும் ஒன்று; ஊர்க்காரிக்கு மட்டும் அது இல்லாமல் போயிற்று.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப்போய்த் தேடினேன். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் யாரைக் கண்டுபிடிப்பது?

சாயங்காலம் கடையைச் சுருட்டும்போது தமிழய்யா, "தொல்காப்பியர் காலத்துல அணையில முங்கின ஊரு இல்லடா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் போனபோது மீந்திருந்த பிரதிகளைத் திண்ணையில் அடுக்கி வைத்துக்கொண்டு நீல மைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். 'ட' என்று தலைப்பு. கீழே, 'டணாயக்கன் கோட்டை - தண்டநாயக்கன் கோட்டை காண்க' என்று ஒரு வரி. ஞாவுக்கும் தாவுக்கும் நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை. ஆகையால் ஓரத்து வெற்றுத்தாளில் செங்குத்தாக எழுதி, அம்புக்குறி போட்டு உள்ளே கொண்டுபோனார். முந்நூறு பிரதிக்கு மேல் இருக்கும். நானும் எழுதுகிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், திருப்பூர் அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவதாக இணைப்புத் தொகுதி. விட்டுப்போனதைச் சேர்க்க அவருக்கு ஒரு தொகுதியே கிடைத்தது என்று தமிழய்யா சில சமயம் பொறாமையாகச் சொல்லுவார். அவர் கேட்டது மூன்று வரி.

சென்ற வருஷம் அந்தப் புஸ்தகத்துக்கு மறுபதிப்புப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் முன்வந்தார். அடைவைப் பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது கொம்பு தனியாக நிற்பதில்லை. யூனிகோடில் க முதலிலும் ஒகரக் குறி பின்னாலும்தான் பதிவாகிறது. ஆனால் எழுத்துக்களுக்கு அங்கே கொடுத்திருக்கும் எண் வரிசை நெடுங்கணக்கு அல்ல. நவுக்கு அடுத்தாற்போல் ன, ரவுக்கு அடுத்தாற்போல் ற, சவுக்கும் ஞவுக்கும் நடுவே ஜ என்று அது ஒரு தினுசு. புள்ளி எழுத்தும் கடைசிக்குப் போய்விடுகிறது. தமிழ் வரிசை இன்னது என்று தனியே சொல்லிக் கொடுத்தால் யந்திரம் கேட்டுக்கொள்ளும். தலைப்பு எழுத்து என்ன பருமன், மேலே எத்தனை புள்ளி இடைவெளி, கீழே எத்தனை என்பதையும் எண்ணாகக் கொடுத்தால் எல்லாத் தலைப்புக்கும் ஒரே மாதிரி செய்துவிடும். ஈரோட்டில் அந்த வேலையைச் செய்த பையன் கெட்டிக்காரன். அரை நாளில் முடித்துவிட்டான்.

டகரத்தில் வந்ததும் நிறுத்தினான். "இதுக்குக் கீழ ஒரே ஒரு ஊருதானுங்களே இருக்குது. 'த'வோட சேர்த்துரட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. தலைப்பு இருக்கட்டும்."

"அப்ப எவ்வளவு இடம் விடட்டுங்க?"

"மூணு வரி. எல்லா எழுத்துக்கும்."

அடைவு மூன்று பக்கம் கூடிற்று. கூடிய காகிதத்துக்கான தொகையைப் பதிப்பாளர் என்னுடைய ராயல்டி கணக்கில் கழித்துக்கொண்டார். ரசீதும் அனுப்பியிருந்தார், 'காலி இடத்துக்கு' என்று தலைப்புப் போட்டு.